அது இதிலிருந்து வராதுங்க

பல்லடம் ரோட்டில் அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் இருந்தபோது, எனக்கு எதிர் மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துணியின் தரத்துக்கும் தையலின் தரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால், "நீங்க எழுதினது என்னைப் பத்தித்தான்னு எப்படிங்க முடிவு பண்றது? அதே பேர்ல இன்னும் பல பேர் இருக்காங்களே" என்று எங்கிருந்தாவது போன் வரும். வந்தால் மறுபடியும் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கம்பெனியில் அவரைத் 'தத்துவம் சார்' என்பார்கள். பட்டமே தத்துவத்தில் வாங்கியவர். ஆசைப்பட்டுப் படித்ததெல்லாம் இல்லை. கல்லூரியில் சேரப் போன அன்று அந்த ஒரு பிரிவில்தான் இடம் மிச்சம் இருந்ததாம். மற்றவர்கள் படித்ததைப் பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. அதுதான் எங்களைப் பிடித்த சனி.

யார் என்ன சொன்னாலும், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மெல்லிய குரலில், "இருக்கலாமுங்க. ஆனா அது இதுல இருந்து வராதுங்க" என்பார். நாம் சொன்ன காரணம் நாம் சொன்ன முடிவைத் தாங்காது என்று அர்த்தம். கோபமாகச் சொன்னாலாவது திருப்பிக் கோபப்படலாம். அந்த மரியாதைதான் ஆளைக் கொல்லும்.

ஒரு தடவை, எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. கருநீலப் பனியனில் சாயம் இறங்குகிறதாம். அரை மணி நேரத்தில் பதில் போட வேண்டும். சாயம் போடும் டையிங் யூனிட்டில் சரியாகக் கழுவாமல் விட்டுவிட்டார்கள் என்று நான் மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"டையிங்காரங்கதான்னு எப்படிங்க அம்மிணி சொல்றீங்க?"

"கழுவாம உட்டா சாயம் இறங்கும். இறங்குது. அப்ப கழுவலைன்னுதானே சார் அர்த்தம்?"

"மழை பேஞ்சா வாசல் நனையுமுங்க. வாசல் நனைஞ்சு கெடக்குது. அப்ப மழை பேஞ்சுதுங்களா?"

"பேஞ்சிருக்கும்."

"தண்ணி லாரி வந்திருந்தா?"

எங்கள் ஊரில் மழையைவிடத் தண்ணி லாரிதான் அடிக்கடி வருகிறது என்பது எனக்கும் தெரியும். அதைப் பேச அது நேரமா? அவர் விடவில்லை. நூலைச் சோதிக்கச் சொன்னார், தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார், அயர்ன் சூட்டைப் பார்க்கச் சொன்னார். பையர் போனில் கத்தினார், முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார். எல்லாச் சோதனையும் முடிந்து கடைசியில் தெரிய வந்தது, டையிங்கில் சரியாகக் கழுவவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்!"

"நீங்க சொன்ன முடிவு சரிதானுங்க. சொன்ன காரணம்தான் சரியில்லை" என்றார். என் கையில் அப்போது ஸ்டேப்ளர் இருந்தது. மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

எங்கள் முதலாளி விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். நல்ல மனிதர், பக்திமான். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் வரும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் அறையில் கிடந்த ஒரு சாம்பிள் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இதைப் பாருங்க. தானா வந்துச்சா? தைச்சவன் ஒருத்தன் இருக்கோணுமில்ல? இத்துனூண்டு பனியனுக்கே ஒருத்தன் வேணும்னா, இத்தப் பெரிய உலகத்துக்கு ஒருத்தன் வேண்டாமா?"

எல்லோரும் தலையாட்டினோம். என் கையில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. தலையாட்டாதவர் ஒருவர்தான்.

"பனியனை ஆளுக தைக்கறதை நாம கண்ணுல பாத்திருக்கமுங்க. அதனால தைச்சவங்க இருக்காங்கன்னு சொல்றோம். உலகம் தைக்கறதை யாரும் பாக்கலீங்களே? அதுபோக, ஒரு பனியனை ஒருத்தரா தைக்கறாங்க? வெட்டறது ஒருத்தர், கை மாட்டறது ஒருத்தர், கழுத்து வெக்கறது ஒருத்தர். இந்தக் கணக்குல போனா உலகத்துக்கும் ஒரு யூனிட்டே வேண்டியிருக்குமுங்க."

"அப்ப சாமி இல்லைங்கறீங்க."

"அப்படி நான் சொல்லவே இல்லீங்களே. இந்தப் பனியன்ல இருந்து சாமி வராதுன்னுதானுங்க சொன்னேன்."

முதலாளி பனியனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் அறைக்குப் பொங்கல் வரவில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

இந்தச் செய்தி காற்றில் பறந்து கட்டிங் மாஸ்டருக்குப் போய்விட்டது. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், கறுப்புச் சட்டை, கடவுள் இல்லை என்பதில் அசைக்க முடியாத ஆள். துணைக்கு ஒருவர் கிடைத்தாரே என்று கையில் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"சாமி பேரைச் சொல்லி ஊரையே ஏமாத்துறாய்ங்க. அப்பச் சாமின்னு ஒண்ணு இல்லவே இல்ல. கரெக்ட்டுதானண்ணே?"

இவர் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ஏமாத்தறாங்கங்கறது சரிதானுங்க. கள்ள நோட்டு அடிக்கறாங்கன்னா நல்ல நோட்டே கெடையாதுன்னு ஆயிருமுங்களா?"

கட்டிங் மாஸ்டர் தான் வாங்கிக் கொடுத்த டீயையே வெறித்துப் பார்த்தார். அன்றோடு அந்தப் பேச்சுவார்த்தையும் அறுந்தது. கோயில்காரர்களும் போச்சு, கோயில் வேண்டாம் என்பவர்களும் போச்சு. மிஞ்சியது எதிர் மேஜையில் நான் ஒருத்தி.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "சாமி இருக்குதுங்கறீங்களா, இல்லைங்கறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைங்க சார்."

"தெரியலீங்க அம்மிணி. தெரியாததைத் தெரியலைன்னு சொன்னா எல்லாருக்கும் ஏனுங்க இத்தனை கோவம் வருது?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அவர் குறுக்கே பேசாத ஒரே ஆள் ஸ்டெல்லா அக்கா. செக்கிங் சூப்பர்வைசர். பொங்கலூர் பக்கம் ஒரு கிராமம், தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். காலையில் வந்ததும் செக்கிங் மேஜையில் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் முதல் பீஸைத் தொடுவார். அவரை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவங்க எதுல இருந்தும் எதையும் வரவெக்கறதில்லைங்க. எனக்கு நம்பிக்கை இருக்குதுங்கறாங்க, அவ்வளவுதான். அதுல நான் தப்புக் கண்டுபுடிக்க என்ன இருக்குதுங்க?"

தத்துவம் சாருடைய சொந்த ஊர் குண்டடம் பக்கம். மழையை நம்பி விதைக்கும் வறண்ட காடு. ஒரு மதியம் சாப்பிடும்போது, கேட்காமலே அதைச் சொன்னார். அவர் சிறுவயதில் அப்பா கிணறு வெட்ட இடம் பார்த்தாராம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பவர் ஒருவர் வந்தார். தேங்காய் எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். நின்றது. வெட்டினார்கள். பாறைதான் வந்தது. சாமிக்கு ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள் என்றார் தேங்காய்க்காரர். குறை தீர்த்துவிட்டு இன்னோர் இடத்தில் வெட்டினார்கள். அங்கேயும் பாறை. இப்படியே வெட்டுக் கூலிக்கு விற்று விற்றுக் காட்டில் பாதி போனது.

"தண்ணி வந்தா தேங்காய் சொன்னதுங்க. வரலைன்னா எங்கப்பன் செஞ்ச பாவம். எப்படிப் பாத்தாலும் தேங்காய் தோக்கவே தோக்காது பாருங்க" என்றார். "எங்கப்பன் சாகற வரைக்கும், தான் என்ன பாவம் செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தாருங்க." பிறகு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். அன்று மட்டும் எனக்கு அவர்மேல் எரிச்சல் வரவில்லை.

இனி மினதியின் கதைக்கு வருகிறேன். மினதி ஒடிசாவிலிருந்து வந்த பெண், செக்கிங்கில் ஸ்டெல்லா அக்காவின் கீழ் வேலை. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தமிழ் நன்றாகவே பேசுவாள். சுரம் என்று அவள் வேலைக்கு வராத ஒரு நாளில், ஹாஸ்டல் வார்டனம்மா குளிக்கப் போகும்போது அலமாரியில் கழற்றி வைத்த தங்கச் சங்கிலியைக் காணவில்லை. வார்டனம்மா முதலாளிக்குத் தூரத்து அத்தை முறை. அவர் நேராகக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்தார்.

எங்கள் பக்கம் அது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மனதில் நினைத்துக் கேட்டது சரி என்றால் வெள்ளை வரும். வெள்ளை வந்துவிட்டது.

முதலாளி அறையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். மினதி ஒரு மூலையில் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா. எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செக்கிங் தன் பொறுப்பு என்பதால் தத்துவம் சாரும் வந்தார்.

"சாமியே சொல்லிருச்சு. இனி என்ன விசாரணை வேண்டிக்கெடக்குது? போலீசுக்குச் சொல்லி உட்டுருங்க தம்பி" என்றார் வார்டனம்மா.

இவர் கண்ணாடியை மேலே தள்ளினார். சாமி உண்டா இல்லையா என்று இந்த மனிதர் இங்கே ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் கதி அவ்வளவுதான்.

"சாமிகிட்ட என்னன்னுங்க கேட்டீங்க?" என்றார்.

"சங்கிலி வெளியாளுக கைக்குப் போகலை, உள்ளாற இருந்தவங்க கையிலதான் மாட்டியிருக்குதான்னு கேட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு."

"சரிங்க. சாமி சொன்னது அப்படியே உண்மைன்னு வெச்சுக்கலாமுங்க. அன்னைக்கு உள்ளாற யாரெல்லாம் இருந்தாங்க?"

"இவதான் இருந்தா."

"சமையல் பண்றவங்க?"

"அவளும் இருந்தா."

"நீங்க?"

வார்டனம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ற சங்கிலிய நானே திருடுவனா?"

"திருடினீங்கன்னு சொல்லலீங்க. நீங்களே வேற எங்கியோ வெச்சு மறந்திருந்தாலும் சாமி சொன்னது உண்மைதானுங்களே? அதுவும் உள்ளாற இருந்தவங்க கைதானுங்க. சாமி ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்குது. மினதிங்கற பேரை நாமளாத்தான் சேத்துக்கிட்டோம்."

முதலாளி சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி சொல்லாததைச் சாமி சொன்னதா சொன்னா, அந்தப் பாவம் நம்மளைத்தான் சேருமுங்க அத்தை" என்றார். "போலீசெல்லாம் வேண்டாம். புள்ள வேலையப் பாக்கட்டும்."

தத்துவம் சாரோடு வேலை பார்த்த காலத்தில் அன்றுதான் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மாடிப்படி இறங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

படிக்குக் கீழே மினதி ஓடி வந்து அவர் முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"சார், நான் எடுக்கலே. உங்களுக்குத் தெரியும், இல்லே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் அவர். அவளுக்கும் ஒரு 'ங்க' போட்டார். "நீ எடுத்தேன்னு அவங்க சொன்ன காரணம் சரியில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எடுத்தியா எடுக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேலே அத்தனை பேர் திருடி என்று பார்த்தபோது நிமிர்ந்து நின்றவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு ஹாஸ்டல் பக்கம் நடந்தாள். ஸ்டெல்லா அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா சார்?" என்று கத்தினேன். "அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா என்ன கொறைஞ்சு போயிரும்?"

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா பொய்யாயிருமேங்க அம்மிணி."

"புள்ள அழுகறா சார்!"

"அழுகறாங்கங்கறதால எடுக்கலைன்னு..." என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் மினதி வேலைக்கு வரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவளை ஸ்டெல்லா அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் தத்துவம் சாரோடு பேசுவதை நிறுத்தினேன். துணி விஷயம் என்றால் மெயிலில் எழுதினேன், இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. அவரும் மெயிலிலேயே பதில் எழுதினார், அதே மரியாதையோடு.

ஆனால் ஆள் சரியாக இல்லை. கையில் பீஸை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கழுத்துத் தையல் கோணிய பீஸ்களை ஒரு கட்டு முழுக்கப் பாஸ் பண்ணிவிட்டார். நான் அதைத் திருப்பிக் கொண்டுபோய் அவர் மேஜையில் போட்டேன். எந்த வாதமும் செய்யாமல், "தப்புதானுங்க" என்றார்.

பிறகு ஸ்டெல்லா அக்காவிடம் போய் நின்றிருக்கிறார். "அவ எடுக்கலைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அக்கா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாராம். "சார், வருசக்கணக்கா எங்க எல்லாரையும் நீங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கறீங்க. அவ உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

அந்த வாரம் சனிக்கிழமை என் மேஜை முன்னால் வந்து நின்றார். "நாளைக்கு ஸ்டெல்லாம்மா ஊட்டுக்குப் போகோணுமுங்க. எனக்கு இந்தி வராது. நீங்களும் கூட வரோணும்."

"அவளுக்குத்தான் தமிழ் நல்லாத் தெரியுமே சார்."

"ஒரு வார்த்தை மாறிப் புரிஞ்சிருச்சுன்னா என்ன பண்றதுங்க?"

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். தத்துவம் சாருடைய பழைய காரில் பொங்கலூர் போய்ச் சேரும்வரை பாடம் கேட்டுக்கொண்டே வந்தார். 'தெரியும்' என்பதற்கு இந்தியில் என்ன? மாலூம். 'நம்புகிறேன்' என்பதற்கு? பரோசா. இரண்டும் ஒன்றில்லையே, நிச்சயமாக ஒன்றில்லையே? எனக்குத் தெரிந்த இந்தி மொத்தத்தையும் உரித்து எடுத்துவிட்டார்.

சர்ச் முடிந்து ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் மினதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவர் கொடிக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு வந்திருந்தார்.

"மாலூம் நஹி" என்று ஆரம்பித்தார். எடுத்த எடுப்பிலேயே 'தெரியாது'! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கையில் இருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றாள்.

"மாலூம் நஹி. பரோசா ஹை" என்றார். பிறகு தமிழுக்கு மாறினார். "எனக்குத் தெரியாதுங்க. ஆனா நம்பறேன். நீ எடுக்கலை."

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். அவரிடம் வேலை பழகிய பெண் அல்லவா.

"எதை வச்சு சார்?" என்று கேட்டாள்.

அவர் கை கண்ணாடிக்குப் போனது, பாதியில் நின்றது.

"எதையும் வெச்சு இல்லீங்க" என்றார்.

மினதி மிச்சத் துணியையும் கொடியில் போட்டு முடித்தாள். "நான் அங்க வரமாட்டேன் சார். வேற கம்பெனியில சேந்துட்டேன்."

"சரிங்க."

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம். அவள் வாசல்வரை வந்து நின்றாள். எங்களை வழியனுப்பத்தான் வந்தாளா, கொடியைப் பார்க்க வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை.

திரும்பும்போதும் அவர்தான் வண்டி ஓட்டினார். படி இறங்கிய இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை நாள் கழித்து, இத்தனை தூரம் வந்து, என் ஞாயிற்றுக்கிழமையையும் கெடுத்துச் சொல்லியிருக்கிறாரே என்று நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பல்லடம் சிக்னலில் வண்டி நின்றது.

"ஏனுங்க அம்மிணி, நான் சொன்னதை அவ நம்பியிருப்பாளா?"

"எனக்கு எப்படிங்க சார் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

பச்சை சிக்னல் விழுந்தது. முன்னால் நின்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. இவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பியிருப்பா சார். வண்டிய எடுங்க" என்றேன்.

ஒன்றும் கேட்காமல் எடுத்தார்.